ஒண்டுக்கும் ஒண்டுக்கும் தொடுசல் இல்லை

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தைத் தபால் வழியில் படித்தவன் நான். வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து 3 வருடம் ஆகியிருந்தது. இன்னொரு பட்டம் கையில் இருந்தால் பதவி உயர்வுக்கு உதவும் என்று யாரோ சொன்னார்கள். மதுரைப் புதுமண்டபத்தில் ஒரு தூணோரக் கடையில் பழைய நோட்ஸ் வாங்கினேன். இருபதாம் நூற்றாண்டுக் கவிதைக்கு அதில் நான்கு சொற்கள் தடித்த எழுத்தில் இருந்தன: பதற்றம், தனிமை, அந்நியமாதல், சிதறல். என்ன கேள்வி வந்தாலும் இந்த நான்கையும் ஆளுக்கொரு பத்தியாகப் பிரித்து எழுதினால் பாஸ் நிச்சயம். எனக்கு 62 வந்தது. டி.எஸ். எலியட்டோடு என் கணக்கு அத்துடன் தீர்ந்தது என்று புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டேன்.

2016 செப்டம்பரில் வங்கி என்னை லண்டனுக்கு அனுப்பியது. 3 வருடப் பணி. மகள் பதினொன்றாம் வகுப்பு, நடுவில் பள்ளி மாற்ற முடியாது. நான் மட்டும் போனேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறை. கீழே வீட்டுக்கார அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவில். காலையில் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மானுமென்ட் நிலையம். படியேறி வெளியே வந்தால் கிங் வில்லியம் தெரு.

அந்தப் பெயர்ப் பலகையை முதல் நாள் பார்த்தபோது எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. எலியட்டின் 'பாழ்நிலம்' (The Waste Land) கவிதையில் ஒரு கூட்டம் லண்டன் பாலத்தைக் கடந்து போகும். குளிர்காலக் காலை, பழுப்பு மூடுபனி. ஒவ்வொருவரும் தன் காலடியை மட்டும் பார்த்து நடக்கிறார்கள். சாவு இத்தனை பேரைத் தின்றிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லையே என்கிறது கவிதை. கூட்டம் மேடேறி, கிங் வில்லியம் தெருவில் இறங்கி, செயின்ட் மேரி உல்நாத் தேவாலயத்துப் பக்கம் போகிறது. அங்கே மணி ஒன்பது அடிக்கிறது. கடைசி அடி மட்டும் செத்த ஓசையாக விழுகிறது.

இந்த வரிக்கு எலியட் ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார். மற்ற குறிப்புகளில் தாந்தே வருவார், உபநிடதம் வரும், புத்தர் வருவார். இதில் மட்டும், இதை நான் அடிக்கடி கவனித்திருக்கிறேன் என்று ஒரே வாக்கியம். நோட்ஸில் அந்த ஒன்பது மணியைக் கிறிஸ்து உயிர்விட்ட ஒன்பதாம் மணி வேளையோடு சேர்த்து விளக்கியிருந்தார்கள். இருக்கலாம். ஆனால் ஒன்பது மணி என்றால் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும் நேரம் என்பது எந்த வங்கிக்காரனுக்கும் தெரியும்.

எலியட் வங்கிக்காரர். இதை நான் பரீட்சைக்காகப் படித்திருந்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. 1917 மார்ச்சில் லாய்ட்ஸ் வங்கியின் வெளிநாட்டுப் பிரிவில் சேர்ந்தார். தொடக்கச் சம்பளம் வாரத்துக்கு 2 பவுண்டு 10 ஷில்லிங். 1925 வரை அங்கேதான் வேலை. போர் முடிந்த பிறகு, ஜெர்மானியர்களுக்கும் வங்கிக்கும் இடையே போருக்கு முன்பிருந்த கடன் பாக்கிகளைத் தீர்க்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. இலக்கிய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் அவரைப் பார்க்க அலுவலகம் போன கதையை எழுதியிருக்கிறார். தெருவுக்கு அடியில் ஒரு அறை. மேசை முழுக்க வெளிநாட்டுக் கடிதங்கள். அவற்றின் மேல் குனிந்த ஓர் உருவம். தலைக்கு ஓரடி மேலே நடைபாதையில் பதித்த பச்சைக் கண்ணாடிக் கட்டைகள், அவற்றின் மேல் ஓயாமல் நடப்பவர்களின் குதிகால் சத்தம். கூட்டத்தின் கால்களைப் பார்த்த கவிஞன் அந்தக் கால்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான் என்பது புதுமண்டபத்து நோட்ஸில் இல்லை.

நானும் அந்நியச் செலாவணி மேசையில்தான் இருந்தேன். அதனால் அவரை உறவுக்காரராக நினைத்துக்கொண்டேன். அதில்தான் வினை ஆரம்பித்தது.

ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய பொருள் கடையில் 1 பவுண்டுக்கு எலியட்டின் கவிதைத் தொகுப்பு கிடைத்தது. முன்பு வைத்திருந்த யாரோ பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறிகளாகப் போட்டு வைத்திருந்தார். முதல் கவிதை 'ஜே. ஆல்ஃப்ரெட் ப்ரூஃப்ராக்கின் காதல் பாட்டு'. வழுக்கை விழுந்த, காற்சட்டை நுனியை மடித்துவிடலாமா என்று யோசிக்கிற, கேட்க நினைத்ததைக் கேட்காமலே மாடிப்படியில் திரும்பிவிடுகிற ஒருவன். காபிக் கரண்டிகளால் வாழ்க்கையை அளந்துவிட்டேன் என்பான். எனக்கு அப்போது 46 வயது. என்னைத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். எலியட் பிறந்தது 1888 செப்டம்பரில். கவிதையை முடித்தது 1911இல், மியூனிக்கில். 22 வயதுப் பையன் எழுதியது! சிகாகோவின் 'பொயட்ரி' இதழில் அது அச்சாக 1915 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 22 வயதில் இப்படி எழுதினால் ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தனியே சிரித்தேன். பல வாரங்களில் முதல் சிரிப்பு அதுவாக இருக்கும்.

அந்தக் கவிதையில் ஒரு வரி என்னை விடவே இல்லை. சந்திக்கப்போகும் முகங்களைச் சந்திக்க ஒரு முகத்தைத் தயார் செய்துகொள்ள நேரம் இருக்கும் என்பான். தினமும் மாலை ஆறு மணிக்கு நான் செய்தது அதுதான். மதுரையில் அப்போது இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகியிருக்கும். அலுவலகக் கழிவறையில் முகம் கழுவி, தலை சீவி, சட்டைக் காலரைச் சரிசெய்து, வெளிச்சம் விழும் பக்கம் திரும்பி நின்று, பிறகுதான் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ போடுவேன். "சாப்டீங்களா?" "ஆச்சு." "என்ன சாப்டீங்க?" ஏதாவது ஒரு பெயர் சொல்வேன். நான்கு நிமிடம். போனை வைத்ததும் முகம் தானாகக் கழன்று விழும்.

2017 மே மாதம் பள்ளி விடுமுறையில் மனைவியும் மகளும் அம்மாவும் வந்தார்கள். 3 வாரம். அந்தச் சின்ன அறையில் நாலு பேர். அம்மாவுக்கு அக்கா வீட்டுத் தோட்டத்து வெயில் பிடித்துப்போனது. ஹீத்ரோவில் வழியனுப்பிவிட்டுத் திரும்பிய அன்று இரவு அறைக்குள் மூன்று பேரின் வாசனையும் இருந்தது. நெஞ்சு படபடத்தது. வியர்த்தது. சாகப்போகிறேன் என்று உறுதியாக நினைத்தேன். அரை மணியில் அடங்கிவிட்டது. மறுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் வாரம் இரண்டு மூன்று தரம். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காலையில் அறையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினேனா? திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். பாதி வழியில் மறுபடி. ஒரு நாள் ஐந்து தரம் திரும்பினேன். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இல்லை.

அந்த நாட்களில் நான் செய்த பெரிய தப்பு, இரவு இரண்டு மணிக்கு எலியட்டைப் படித்தது. 'பாழ்நிலத்தின்' இரண்டாம் பகுதியில் ஒரு பெண், இன்றிரவு என் நரம்புகள் சரியில்லை, என்னோடு இரு, பேசு, ஏன் நீ பேசுவதே இல்லை, என்ன யோசிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே போவாள். பதில் சொல்ல வேண்டியவன் வாய் திறக்கமாட்டான். அதை அறையில் முணுமுணுத்தபடி நடப்பேன். எனக்குள் ஒரு கர்வம் வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் துக்கம் சாதாரண துக்கம் இல்லை, நாகரிகத்தின் நோய், பெரிய கவிஞர்களுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது. இப்படி நினைத்தால் டாக்டரிடம் போகத் தோன்றாது. நாகரிகத்தின் நோய்க்கு யார் மருந்துச் சீட்டு எழுதுவது?

ஜூலையில் ஒரு நாள் மானுமென்ட் நிலையத்தின் நகரும் படிக்கட்டில் கால் நடுங்கி, மேலே வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் என்னைச் சுற்றி ஆறு மாதிரி பிரிந்து போனது. எல்லோரும் கால் பார்த்துத்தான் நடந்தார்கள், கவிதையில் போல. ரயில்வே சீருடை போட்ட ஒரு பெண் மட்டும் குனிந்து, "மூச்சை விடுங்க, இழுக்காதீங்க, விடுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். யாரையாவது கூப்பிடவா என்று கேட்டார். யார் எண்ணைக் கொடுப்பது என்று யோசித்து, கடைசியில் வீட்டுக்கார அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். வாடகை தருவதைத் தவிர அவரோடு எனக்கு ஒரு பேச்சும் கிடையாது.

அக்கா ரயில் பிடித்து வந்துவிட்டார். "என்ன தம்பி, இவ்வளவு நாளும் மேலை நடக்கிற சத்தம் கேட்டுது. தொழுகையோ தியானமோ எண்டு நினைச்சன்" என்றார். அன்றே அவருடைய டாக்டரிடம் என் பெயரைப் பதிய வைத்தார். ஈசிஜி நன்றாக இருந்தது. ரத்தமும் பார்த்தார்கள். இருதயத்தில் கோளாறு இல்லை, இது பதற்ற நோய், இதற்கு வழி இருக்கிறது என்றார் டாக்டர். வாரம் ஒரு முறை, 8 வாரம் பேச்சு சிகிச்சை. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுவது. பூட்டை ஒரு தரம் மட்டும் இழுத்துப் பார்த்து, பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்வது. இரவு இரண்டு மணிக்குப் படிக்கிற புத்தகம் என்ன என்றும் அந்த ஆலோசகர் கேட்டார். சொன்னேன். அவருக்கு எலியட்டைத் தெரிந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள் என்றார்.

பூட்டுக்கு அக்காவே ஒரு வழி சொன்னார். "ஒரு திறப்பை என்னட்டைத் தாங்கோ. நீங்கள் போனாப் பிறகு நான் மேலை ஏறிப் பூட்டியிருக்கோ எண்டு பாக்கிறன். பூட்டாட்டில் போன் எடுப்பன். போன் வராட்டில் பூட்டியிருக்கெண்டு அர்த்தம்." சாவிக்கு அவர்கள் ஊரில் திறப்பு என்று பெயர். மூன்றே வாரத்தில் நான் தெருமுனையிலிருந்து திரும்புவது நின்றது. சிகிச்சையால் நின்றதா, அக்காவால் நின்றதா தெரியாது. ஆலோசகருக்கு இந்த ஏற்பாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் சரிபார்த்துச் சொல்லும் பழக்கம் நாளடைவில் நோயை வளர்க்குமாம். ஒரு மாதத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம், ஆனால் சாவி அக்காவிடமே இருந்தது.

பகலில் படிக்க ஆரம்பித்த பிறகு அதே கவிதையில் வேறு இடங்கள் கண்ணில் பட்டன. அலுவலகத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லோயர் தேம்ஸ் தெரு, அங்கே செயின்ட் மேக்னஸ் தேவாலயம். மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு அந்தப் பக்கம் போவேன். 'பாழ்நிலத்தில்' இந்தத் தெரு வருகிறது. ஒரு மதுக்கடைக்குள்ளிருந்து மாண்டலின் முனகல், மதியப் பொழுதில் மீன்காரர்கள் சாய்ந்து உட்கார்ந்து பேசும் இரைச்சல், பக்கத்தில் தேவாலயத்துச் சுவரின் வெள்ளையும் தங்கமும். 1982 வரை பில்லிங்ஸ்கேட் மீன் சந்தை அங்கேதான் இருந்தது. அந்தக் கவிதை முழுக்க யாராவது நிம்மதியாக மதியம் கழிக்கும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். கவிதை சொல்பவன் உள்ளே போகவில்லை, வெளியே நின்று கேட்கிறான். ஆனால் கேட்கிறான். பாழ் என்று தலைப்பு இருப்பதால் பாழை மட்டுமே நான் தேடியிருக்கிறேன்.

தட்டச்சுப் பெண்ணும் அப்படித்தான் கிடைத்தாள். மூன்றாம் பகுதியில் மாலை அறைக்கு வந்து, காலையில் சாப்பிட்ட பாத்திரத்தை அகற்றி, அடுப்பைப் பற்றவைத்து, டின்களில் இருந்து சாப்பாட்டை எடுத்து வைப்பாள். ஜன்னலுக்கு வெளியே உள்ளாடைகள் காயும். பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் ஒரே திவான். அவளுக்குப் பிறகு நடப்பது கசப்பானது, அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். நான் அந்த டின்களில் நின்றுவிட்டேன். என் மேசையிலும் கொண்டைக்கடலை டின் இருந்தது. 'தனிமை' என்று எழுதாமல் திவானையும் டின்னையும் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு சின்ன நோட்டு வாங்கி, தினமும் மூன்று பொருள்களை எழுதினேன். உணர்ச்சி எழுதக்கூடாது, பொருள் மட்டும். ஈரமான ஒற்றைக் கையுறை, நடைபாதையில். பக்கத்து மேசைக்காரரின் மகன் வரைந்த டைனோசர். அக்காவின் வாசலில் உலரும் மோர் மிளகாய். இது இலக்கியம் ஆகவில்லை. ஆனால் வீடியோவில் மனைவி "அப்புறம்?" என்று கேட்டால் சொல்ல ஏதாவது இருந்தது. நான்கு நிமிடம் இருபது நிமிடமாயிற்று. வெளிநாட்டில் தனியாக இருப்பவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன், கவிதை படிக்கிறார்களோ இல்லையோ.

அந்த இலையுதிர் காலத்தில் உள்ளூர் நூலகத்தில் சொல்லிவைத்து, 'பாழ்நிலத்தின்' கையெழுத்துப் பிரதிகளின் நகல் பதிப்பை வரவழைத்தேன். எலியட்டின் இரண்டாவது மனைவி வேலரி தொகுத்து 1971இல் வந்தது. மூலப் பிரதியை எலியட் 1922இல் ஜான் குவின் என்ற அமெரிக்க வழக்கறிஞருக்குப் பரிசாக அனுப்பியிருந்தார். பிறகு அது எங்கே போயிற்று என்றே தெரியாமல் கிடந்து, 1968இல் நியூயார்க் பொது நூலகத்தில் இருப்பதாக வெளியே தெரிந்தது. எலியட் இறந்தது 1965இல்.

அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது எனக்கு ஆபீஸ் ஃபைல் ஞாபகம்தான் வந்தது. ஒரு குறிப்பு மேலதிகாரியிடம் போய், அவர் சிவப்பு மையில் அடித்து, இன்னொருவர் ஓரத்தில் எழுதி, திரும்பி வருமே, அந்த மாதிரி. எலியட்டின் நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் பக்கம் பக்கமாக அடித்திருக்கிறார். நான்காம் பகுதி முதலில் 90 வரிக்கும் மேல். மிஞ்சியது கடலில் மூழ்கிய ஃப்ளீபஸின் 10 வரி. எலியட் மனம் தளர்ந்து அந்தப் பத்தையும் எடுத்துவிடவா என்று கேட்க, எடுக்காதே என்று பவுண்ட்தான் தடுத்தார். 434 வரியில் முடிந்த கவிதை, தனியாளாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

என்னை உலுக்கியது அடுத்த கையெழுத்து. நரம்புகள் சரியில்லை என்று கெஞ்சும் பெண்ணின் பக்கத்தில் பென்சிலால் "அற்புதம்" என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் எலியட்டின் முதல் மனைவி விவியன். அந்தப் பெண்ணின் குரல் அவருடைய குரல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தன் வீட்டு இரவு இப்படிக் கவிதையானதைப் படித்துவிட்டு, அற்புதம் என்று எழுத எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்! மதுக்கடைக் காட்சியில், பிள்ளை வேண்டாமென்றால் எதற்குக் கல்யாணம் பண்ணினாய் என்று வருகிற பேச்சு வரி அவர் எழுதிச் சேர்த்தது. ஒரு வரியை எடுக்கச் சொன்னதும் அவர்தான். சதுரங்கக் காய்கள் நம் இருவருக்கும் துணை என்ற பொருளில் ஒரு வரி அது.

நகல் பதிப்பின் முன்னுரையிலும் கடிதங்களிலும் இன்னொரு செய்தி இருந்தது. 1921 கோடையில் எலியட்டின் அம்மாவும் அண்ணனும் அக்காவும் அமெரிக்காவிலிருந்து வந்து தங்கினார்கள். பல வருடம் கழித்துச் சந்திப்பு. ஆகஸ்டில் அவர்கள் கப்பலேறிய பிறகுதான் அவர் நொறுங்கினார். சிறப்பு மருத்துவர் பார்த்து 3 மாத ஓய்வு சொன்னார். வங்கி விடுப்பு கொடுத்தது. ஹீத்ரோவிலிருந்து திரும்பிய என் இரவை நினைத்து, நூலகத்தில் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டேன். உறவுகள் வரும்போது அல்ல, வந்து போன பின்வரும் இரண்டு வாரம்தான் ஆபத்து. அடுத்த வருடம் குடும்பம் வந்து திரும்பிய அன்று மாலையே கோயிலில் அன்னதானம் பரிமாறப் பெயர் கொடுத்துவைத்திருந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றினால் அழ நேரமிருக்காது.

விடுப்பில் எலியட் முதலில் போனது மார்கேட் என்ற கடலோர ஊருக்கு. பிறகு சுவிட்சர்லாந்தில் லொசானுக்கு, ரோஜர் விட்டோஸ் என்ற மருத்துவரிடம். சிறு சிறு காரியங்களில் மனத்தைக் குவித்து, அதை மறுபடி வசப்படுத்தப் பயிற்சி கொடுப்பவர் அவர். தன் கஷ்டம் வேலைப் பளுவால் வந்ததில்லை, மனம் எதையும் தீர்மானிக்க முடியாமல் போகும் ஆயுள்காலக் குறை என்று எலியட் நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். கவிதையின் கடைசிப் பகுதி லொசானில் எழுதப்பட்டது. மாமேதை டாக்டரிடம் போயிருக்கிறார், நான் போகாமல் ஆறு வாரம் கர்வம் பிடித்துத் திரிந்தேன்.

2018 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மார்கேட் போனேன். துணைக்கு அக்கா. "கடல் எண்டால் நானும் வாறன்" என்றார். செயின்ட் பாங்க்ராஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நிலையத்திலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே நேலண்ட் ராக் நிழற்கூடம். மரப் பெஞ்சு, இரும்புத் தூண், எதிரே கடல் பின்வாங்கிய ஈர மணல். எலியட் தங்கியிருந்தது கிளிஃப்டன்வில் பக்கம். இந்த நிழற்கூடத்தில் வந்து உட்கார்ந்து மூன்றாம் பகுதியின் ஒரு துண்டை எழுதியிருக்கிறார். அதில் மார்கேட் மணல் பெயரோடு வருகிறது. அடுத்த வரியில், எதையும் எதோடும் என்னால் இணைக்க முடியவில்லை என்று வருகிறது.

இந்த வரியைத் தமிழாக்க நான் ஒரு வாரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் அது 'ஒன்றுமில்லை'யை 'ஒன்றுமில்லை'யோடு இணைக்க முடியும் என்று இரட்டைப் பொருளில் புரளும். நோட்டில் எட்டு விதமாக எழுதி அடித்திருந்தேன். அக்காவிடம் அர்த்தம் சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "ஒண்டுக்கும் ஒண்டுக்கும் தொடுசல் இல்லை" என்றார்.

நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

"83இல வெளிக்கிட்டு வந்த நேரம் எனக்கு அப்பிடித்தான் இருந்தது" என்றார் அக்கா. "சாமான் சாமானாக் கிடந்தது எல்லாம். கோப்பை ஒரு பக்கம், சீலை ஒரு பக்கம், மனுசர் ஒரு பக்கம்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புளிச்சாதம் சாப்பிட்டோம். கடற்பறவை ஒன்று பொரியலைக் குறிவைத்து வந்து, அக்கா அதைக் குடையால் விரட்டினார்.

அன்று டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடத்தில் இந்தக் கவிதையை ஒட்டி ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து சில வருடம் கூடிக்கூடிப் பேசி, எந்த ஓவியம் எந்த வரிக்கு என்று அவர்களே தேர்ந்தெடுத்த கண்காட்சி. இலக்கியப் பேராசிரியர்கள் மட்டும் செய்திருந்தால் இப்படி இருந்திருக்காது என்று எனக்குப் பட்டது. அக்காவுக்குப் பாதிப் படங்கள் பிடிக்கவில்லை, அதை உரக்கச் சொன்னார். காவலர் சிரித்தார்.

திரும்பும் ரயிலில் கடைசிப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாய்விட்டு வாசித்தால்தான் இந்தக் கவிதை பிடிபடும். கண்ணால் படிக்கும்போது துண்டு துண்டாகத் தெரிவது காதில் பல பேர் பேசும் ஒரு வீடாகிவிடும். அடிக்குறிப்பை மூன்றாம் வாசிப்புவரை தொடாமல் இருப்பது நல்லது. பிருகதாரண்யக உபநிடதத்தில் இடி 'த' என்று முழங்கும். தேவர்கள் அதை 'அடக்குங்கள்' என்றும், மனிதர்கள் 'கொடுங்கள்' என்றும், அசுரர்கள் 'தயை காட்டுங்கள்' என்றும் கேட்பார்கள். எலியட் வரிசையை மாற்றி, கொடுப்பதை முதலில் வைத்து, தயையை நடுவில் வைத்தார். தயை என்ற சொல்லுக்குக் கீழேதான் சாவி வருகிறது. கதவில் சாவி ஒரே ஒரு தரம் திரும்பும் சத்தம் கேட்டேன், நாம் ஒவ்வொருவரும் தத்தம் சிறையில் சாவியையே நினைக்கிறோம், நினைத்து நினைத்தே சிறையை உறுதிப்படுத்துகிறோம் என்கிறது.

"உங்கட திறப்பு என்னட்டைத்தானே கிடக்கு" என்றார் அக்கா.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எலியட்டை நல்லவராக மட்டும் காட்டியதாகிவிடும். 1933இல் அவர் விவியனை விட்டுப் பிரிந்தார். 1938இல் விவியனை வடக்கு லண்டனில் ஒரு மனநல இல்லத்தில் சேர்த்தார்கள். 1947 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அடுத்த வருடம் எலியட்டுக்கு நோபல் பரிசு. ஏன் நீ பேசுவதே இல்லை என்ற வரியை இப்போது வாசிக்கும்போது, அது 1922இல் முடிந்த கவிதை என்று என்னால் நினைக்க முடிவதில்லை. தயை என்ற சொல்லை அழகாக எழுதியவரால் அதை வீட்டில் எவ்வளவு செய்ய முடிந்தது என்று எனக்குத் தெரியாது. தீர்ப்புச் சொல்லவும் நான் ஆள் இல்லை, நானும் நான்கு நிமிடம் பேசிவிட்டுப் போனை வைத்தவன்தான்.

2019 செப்டம்பரில் மதுரை திரும்பினேன். படபடப்பு இன்னும் எப்போதாவது வரும், குறிப்பாகப் பயணத்துக்கு முந்தைய இரவு. வந்தால் மூச்சை விடுகிறேன். எலியட்டை எடுப்பதில்லை. புத்தகத்தை வேண்டுமென்றே அந்த அறை அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தேன், பென்சில் கேள்விக்குறிகளோடும் என் பேனாக் கோடுகளோடும்.

திரும்பி இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். "தம்பி, உங்கட அறைக்குப் புதுசா ஒரு பொடியன் வந்திருக்கிறான். திருச்சியாம், கம்ப்யூட்டர் வேலை. விடிய விடிய லைட் எரிஞ்சுகொண்டு கிடக்கு. நீங்கள் விட்டிட்டுப் போன புத்தகத்தை எடுத்து வாசி எண்டு சொல்லட்டோ?"

"புத்தகம் இருக்கட்டும் அக்கா. முதல்ல ஒரு நாள் கீழே சாப்பிடக் கூப்பிடுங்க."

"அது நேற்றைக்கே கூப்பிட்டிட்டன்" என்றார்.